பொறிக்கதை: பெயரிடலும் மௌனமும்

தமிழில் ஒரு புதுவகைப் பிரதி நடமாடத் தொடங்கியிருக்கிறது. அதற்கு இன்னும் பெயரில்லை. பெயரில்லாமல் இருப்பதே அதற்குச் சௌகரியமாகவும் இருக்கிறது. புத்தகச் சந்தைக்குப் போனால் நாவல் என்று சொல்லிக்கொள்கிறது, திருவிழாவுக்குப் போனால் தலவரலாறு என்கிறது, சாதிச் சங்க மாநாட்டுக்குப் போனால் ஆவணம் என்று நெஞ்சை நிமிர்த்துகிறது. எங்கேயும் தன் பிறப்பைச் சொல்வதில்லை. 'செயற்கை நுண்ணறிவு' என்று நாம் எழுதுகிற, 'ஏஐ' என்று எல்லாரும் பேசுகிற அந்த இயந்திரத்திடம் நாலு விவரம் சொல்லிக் கேட்டு வாங்கிய சரித்திரக் கதையைத்தான் சொல்கிறேன். இதற்கு ஒரு சொல் வேண்டும். சொல் தேடுவது தமிழ் எம்.ஏ. படித்தவனின் பொழுதுபோக்கு என்று நண்பர்கள் சிரிக்கக்கூடும். எனக்கு இந்தத் தேவை நூலகத்தில் வரவில்லை, ஒரு கிழவியின் வாசலில் உட்கார்ந்திருந்தபோது வந்தது.

சென்ற பங்குனியில் பக்கத்து ஊர்க் கோயில் திருவிழாவுக்கு ஒரு மலர் போட்டார்கள். 16 பக்கம். உபயதாரர் படங்கள், நிகழ்ச்சி நிரல், நகைக்கடை விளம்பரம் எல்லாம் போக 6 பக்கத்துக்கு 'நம் ஊரின் வீர வரலாறு'. கடாரப் படையெடுப்பு முடிந்து திரும்பிய ராஜேந்திர சோழனின் தளபதி ஒருவன் ஊர் ஏரியை வெட்டினான், அவன் வழிவந்தவர்களே இன்றைக்கு முதல் மரியாதை வாங்கும் குடும்பத்தார் என்று போகிறது கதை. ஏரி நிறைந்த நாளில் நடந்த விருந்தில் மிளகாய் அரைத்துப் போட்ட கறி பரிமாறுகிறார்கள். போர்ச்சுகீசியர் வந்து இறக்கும்வரை இந்த மண்ணில் மிளகாயே கிடையாது, மிளகுதான். சரி, கடாரம் போனவன் கொண்டுவந்திருப்பான் என்று வைத்துக்கொள்ளலாம்! ஆனால் கல்வெட்டு எண் ஒன்றும் போட்டிருந்தது. தேடிப் பார்த்தேன். அந்த எண்ணில் இருந்தது வேறெங்கோ ஒரு கோயிலுக்கு யாரோ கொடுத்த நந்தா விளக்கு.

எழுதியவன் எனக்குத் தம்பி முறையாகிற பையன். கணினி படித்தவன், கெட்டிக்காரன்.

"நீயா எழுதுன?"

"இல்லண்ணே, ஏஐ. ஊர் பேரு, ஏரி பேரு, சோழர் காலம், அவங்க பட்டப்பேரு எல்லாம் குடுத்தேன். அரை நிமிஷத்துல குடுத்துடுச்சு."

"கதைன்னு போட்டிருக்கலாமேடா."

"கதைன்னு போட்டா யாருண்ணே படிப்பா? அதுவுமில்லாம இது முழுக்கக் கதையும் இல்லையே. சோழன் இருந்தான்ல? ஏரி இருக்குல்ல?"

சரித்திர நாவல் என்னும் வகைமையைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. சோழன் இருந்தான், ஏரி இருக்கிறது, நடுவிலே உள்ளதை நிரப்பிக்கொள்ளலாம். கேள்வி எல்லாம், நிரப்புவது யார், எதைக்கொண்டு என்பதுதான்.

அந்த ஏரியின் கீழ்மடையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நிற்கிறது. எழுத்து எதுவும் இல்லை. கரை நிற்காமல் உடைந்துகொண்டே இருந்த ஒரு காலத்தில், சேரியிலிருந்து ஒரு பெண்பிள்ளையைக் கொண்டுபோய் மடையில் வைத்துக் கட்டிவிட்டார்கள் என்று அந்தத் தெருவில் சொல்கிறார்கள். (இப்படியான கதை தமிழகத்தில் பல ஏரிகளுக்கு உண்டு, நாட்டார் வழக்காற்றியல் நண்பர்கள் சொல்வார்கள்.) வருஷம் ஒருமுறை அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசி, பாவாடை சாத்தி, ஒப்பாரி வைத்து அழுகிறார்கள். மலரில் அவள் இல்லை. தம்பியிடம் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை, "சேத்துடலாம்ணே, அதுக்கென்ன" என்றான். மறுநாள் கைபேசியில் காட்டினான். அருமையான தமிழ். புன்னகை மாறாத முகத்தோடு அந்தப் பெண் தானே நடந்துவந்து, ஊர் வாழத் தன்னுயிர் தருவதாக அறிவிக்கிறாள். தளபதி கண்கலங்கி அவளைத் தன் மகளென்று அழைத்துத் தெய்வமாக்குகிறான்.

அந்தக் கல்லுக்கு விளக்கு வைக்கிற ஆத்தாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள்.

"நல்லாத்தான்யா இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஆனா அவ சிரிக்கலியே. வாயில துணிய வச்சு அடைச்சுல்ல தூக்கிட்டுப் போனாங்க. எங்க ஆயா சொல்லும். சிரிச்சான்னு எழுதிப்புட்டா அப்புறம் நாங்க எதுக்குய்யா வருஷா வருஷம் அழுவுறோம்?"

*

அந்தப் பெண் ஏன் சிரித்தாள் என்று விளக்க முடியும். இயந்திரம் பொய் சொல்லவில்லை. பொய் சொல்ல உண்மை இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். அது செய்வது வேறு. மொழியின் பெருங்குவியலைத் துண்டு துண்டாக்கி, எந்தத் துண்டுகளுக்குப் பின்னால் எந்தத் துண்டு வரக்கூடும் என்பதைக் கோடிக்கணக்கான எண்களாகத் தனக்குள் படியவைத்துக்கொண்டிருக்கிறது. கேட்டால், அந்த நிகழ்தகவின் தடத்தில் அடுத்த சொல், அதற்கடுத்த சொல் என்று வைத்துக்கொண்டே போகிறது. ஊருக்காகப் பலியான பெண் என்றதும் அதனிடம் படிந்து கிடக்கும் ஆயிரம் தியாகக் கதைகளின் தடம் திறந்துகொள்கிறது. நம் மொழியில் அச்சேறிய தியாகப் பெண்கள் பெரும்பாலும் சிரித்துக்கொண்டுதான் சாகிறார்கள். இது முதல் காரணம். இரண்டாவது, இந்த இயந்திரங்களை வெளியே விடுவதற்கு முன் மனிதர்களை வைத்து, எந்தப் பதில் பிடித்திருக்கிறது, எது பிடிக்கவில்லை என்று மதிப்பிடச் சொல்லிப் பழக்குகிறார்கள். கேட்பவரைக் குளிர்விப்பது அதன் சுபாவத்தில் ஏற்றப்பட்டிருக்கிறது. மூன்றாவது காரணம் நம் தம்பி. திருவிழா மலருக்கு என்று சொல்லித்தான் கேட்டான். திருவிழா மலரில் வாயடைத்துத் தூக்கிச் செல்லப்பட்ட பெண் எப்படி வருவாள்?

இயந்திரத்தின் சோழநாடு எதனால் கட்டப்பட்டது என்றும் யோசிக்க வேண்டும். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. அவருடைய எழுத்துகள் நாட்டுடைமையாகி, மதுரைத் திட்டம் போன்ற மின்தொகுப்புகளில் யாரும் எடுத்துக்கொள்ளும்படி கிடக்கின்றன. அதைப் பற்றிய பேச்சு, அதன் சாயலில் எழுதப்பட்டவை, திரைப்படம் வந்த 2022-23இல் கொட்டிய எழுத்து எல்லாம் சேர்ந்து மலைபோலக் குவிந்திருக்கின்றன. இன்னொரு பக்கம் கல்வெட்டுகள். படியெடுத்தும் அச்சேறாமல் கிடப்பவை ஏராளம். மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டுப் படிகளைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021இல் உத்தரவிட வேண்டியிருந்தது. அச்சேறாததை இயந்திரம் படிக்காது. அச்சேறியதும் பழைய நடையில், சுருக்கக் குறிகளோடு, உடைந்த வரிகளாக இருக்கிறது. ஆக அதன் தடங்களில் வந்தியத்தேவனின் குதிரை ஓடிய தடம்தான் ஆழமாக இருக்கும். புனைவிலிருந்து பிழிந்த புனைவு, வரலாறு என்ற முகவரியோடு நம் வீட்டுக்கு வருகிறது.

கல்கி செய்யாததையா இது செய்துவிட்டது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நந்தினியைக் கல்கிதான் படைத்தார். ஒரு தலைமுறைக்குப் பிறகு நந்தினி உண்மையில் இருந்தாளா என்று கேட்கிற வாசகர்கள் வந்துவிட்டார்கள். ஆனால் நந்தினிக்குக் கல்கி பொறுப்பு. அவரைப் பிடித்து நிறுத்திக் கேட்கலாம், கேட்டுமிருக்கிறோம். இதைவிடக் கூர்மையான உதாரணம் வெண்மணி. 1968 டிசம்பர் 25ஆம் தேதி கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிந்தன. இந்திரா பார்த்தசாரதி 1975இல் 'குருதிப்புன'லை எழுதியபோது நிலவுடைமையும் சாதியும் கூலியும் நின்ற இடத்தில் பண்ணையாரின் ஆண்மைக் குறைவைக் கொண்டுவந்து வைத்தார் என்று இடதுசாரிகள் சண்டைக்குப் போனார்கள். சாகித்திய அகாதமி பரிசு கிடைத்த பிறகும் அந்தச் சண்டை ஓயவில்லை. அது ஒரு நல்ல சண்டை. ஏன் முடிந்தது? எதிரே ஓர் ஆள் இருந்தார். அவர் தேர்ந்தெடுத்தார், தேர்ந்தெடுத்ததற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டார். நாளைக்கு இயந்திரத்திடம் வாங்கிய ஒரு வெண்மணிக் கதை வந்து, ராமையாவின் குடிசைக்குள் போனவர்கள் தாங்களாகவே தீ மூட்டிக்கொண்டார்கள் என்று எழுதினால் யாரோடு சண்டை போடுவது?

ஆசிரியன் இறந்துவிட்டான் என்று பார்த் 1967இல் சொன்னதை நமக்கு முந்திய தலைமுறை இதே மாதிரிச் சிற்றிதழ்களில் கொண்டாடியது. அப்போது அது தேவைப்பட்டது. ஆசிரியப் பிம்பங்கள் வாசகனின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருந்த காலம். ஆனால் இரண்டாண்டு கழித்து ஃபூக்கோ இதில் வேறொன்றைச் சேர்த்தார். எழுத்துக்காக ஒருவரைத் தண்டிக்க வேண்டி வந்த இடத்தில்தான் எழுத்துக்கு ஆசிரியன் பெயர் ஒட்டத் தொடங்கியது என்றார். அதைத் திருப்பிப் பார்த்தால் நம் நிலைமை விளங்கும். தண்டிக்க ஆளில்லாத பிரதி வந்திருக்கிறது. நாம் கொன்ற ஆசிரியனின் இடத்தில் வாசகன் வந்து உட்காரவில்லை, கம்பெனி வந்து உட்கார்ந்திருக்கிறது. தம்பி போன்ற ஒருவன் அதன் பின்னால் ஒளிந்துகொள்ள வசதியாகவும் இருக்கிறது.

*

சரி, பெயருக்கு வருவோம்.

நம் மொழியில் கதையும் வரலாறும் ஒரே வீட்டில் பிறந்தவை. 1879இல் வந்த முதல் நாவல் தன்னைப் 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்றே சொல்லிக்கொண்டது. அடுத்து வந்த கமலாம்பாளும் சரித்திரம்தான். உ.வே.சா. தன் வாழ்க்கையை எழுதியபோதும் 'என் சரித்திரம்'. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' 1895இல் நாயக்கர் காலத்தை எடுத்துக்கொண்டு வந்து, தமிழின் முதல் சரித்திர நாவல் என்று பெயர் வாங்கிய பிறகு, 'சரித்திரம்' வேறு 'சரித்திர நாவல்' வேறு என்று பிரிக்க வேண்டிய அவசியம் மெல்ல உருவாகியிருக்க வேண்டும். அந்த 'நாவல்' என்கிற வால்தான் வாசகனுக்குக் கிடைத்த எச்சரிக்கை. இப்போது வால் அறுந்துபோயிருக்கிறது.

அரசு பாணியில் போனால் 'செயற்கை நுண்ணறிவு வழி உருவாக்கப்பட்ட வரலாற்றுப் புதினம்' என்று வரும். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். இது பெயரல்ல, அரசாணை. 'ஏஐ சரித்திரக் கதை' என்று வைத்துக்கொள்ளலாமே, ஜனங்களுக்குப் புரியுமே என்றால், புரியும்தான். மெம்பருக்குத் தமிழ்ச்சொல் தேடி அரைமணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பாரதியே கடைசியில் தோற்று 'மெம்பர்' என்று எழுதிவிட்டுப் போனார். வெட்கமில்லாமல் அதைச் சொல்லவும் செய்தார். எனக்கும் கடன்சொல் மீது தீண்டாமை கிடையாது. ஆனால் 'ஏஐ' என்பது இன்றைக்கு ஒரு பெருமைச் சொல். ஜவுளிக்கடை விளம்பரத்தில்கூட வருகிறது. எச்சரிக்கை செய்ய வேண்டிய இடத்தில் அது கவர்ச்சி செய்யும்.

'இடைச்செருகல்' என்று ஒரு நல்ல சொல் பதிப்பாசிரியர்களிடம் இருக்கிறது. கம்பராமாயணத்தில் பின்னால் வந்து சேர்ந்த செய்யுள்களை 'வெள்ளிப்பாட்டு' என்றும் சொல்வார்கள். வெள்ளியம்பலத் தம்பிரான் பாடிச் சேர்த்தவை என்று செவிவழிச் செய்தி. பாருங்கள், கள்ளப்பாட்டுக்குக்கூட ஒரு தம்பிரானின் பெயர் ஒட்டிக்கொண்டது. செருகுவதற்கு ஏற்கெனவே ஒரு பனுவல் இருக்க வேண்டும், செருகியவன் ஒருவன் இருக்க வேண்டும். நம் மலரிலோ மூலப்பனுவலே இல்லை. முழுக்க முழுக்கச் செருகல். எதன் இடையிலும் இல்லை.

'வரலாற்றுப்போலி' என்ற சொல்லோடு நான் கொஞ்ச நாள் குடும்பம் நடத்தினேன். போலி என்றால் தெருவில் கள்ளச்சரக்கு. போலி டாக்டர், போலிச் சான்றிதழ். இலக்கணத்திலோ அது கௌரவமானது. ஓரெழுத்து நிற்க வேண்டிய இடத்தில் இன்னொன்று நின்றும் பொருள் மாறாவிட்டால் போலி. 'இல்முன்' என்பது 'முன்றில்' என்று தலைகீழாக நின்றாலும் பெரியவர்கள் ஒத்துக்கொண்டார்கள் என்பதால் அது இலக்கணப்போலி. ஆனால் இங்கேதான் சொல் உடைகிறது. இலக்கணப் போலியில் பொருள் மாறக் கூடாது. மடையில் வைத்துக் கட்டப்பட்டவள் சிரித்தவளாக மாறும்போது பொருள் மாறிவிடுகிறதே. இன்னொரு சங்கடம், போலி என்று பெயர் வைத்தால் யார் அதை அட்டையில் போட்டுக்கொள்வான்? வசைச்சொல் வகைமைப் பெயராகாது. எதிரி ஏற்றுக்கொள்ள முடியாத பெயரை வைத்துவிட்டு நாம் மட்டும் சிற்றிதழில் அதைப் புழங்கிக்கொண்டிருப்பதில் பிரயோஜனமில்லை. ஒரே பிரெஞ்சுக் கருத்துக்குக் கட்டுடைப்பு, கட்டவிழ்ப்பு, தகர்ப்பமைப்பு என்று மூன்று பெயர் வைத்துச் சண்டை போட்ட அனுபவம் நமக்கு உண்டு.

தொல்காப்பியத்துக்குப் போனேன். எல்லாவற்றுக்கும் தொல்காப்பியத்துக்கு ஓடுகிற தமிழாசிரியர் வியாதி எனக்கும் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தில், செயற்கைப் பொருளை எப்படிச் சொல்வது என்று நேராகவே விதி இருக்கிறது. இயற்கைப் பொருளை 'இப்படிப்பட்டது' என்று சொல்லி நிறுத்தலாம். நிலம் கெட்டியானது, அவ்வளவுதான். செயற்கைப் பொருளை அப்படி நிறுத்தக் கூடாது. 'ஆயிற்று' என்கிற ஆக்கச்சொல் கொடுக்க வேண்டும். அடுத்த விதி அந்த ஆக்கத்துக்கு முன்னால் காரணத்தையும் சொல்லச் சொல்கிறது. உரைகாரர்கள் வயலிலிருந்து உதாரணம் தருகிறார்கள்: எருப் போட்டு, களை எடுத்து, நீர் பாய்ச்சியதால் பயிர் நன்றாக ஆயிற்று. பயிர் 'நன்று' என்று மட்டும் சொன்னால் வழு. ஏனென்றால் யாரோ குனிந்து களை எடுத்திருக்கிறாள்.

என்ன அருமையான விதி! செய்யப்பட்டதைச் சொல்லும்போது செய்ததையும் சொல். பண்ணைக்கூலி இல்லாத பயிரைப் பற்றிப் பேசாதே. இதைப் படித்தபோது எனக்கு ஆத்தாவின் வாசல்தான் நினைவுக்கு வந்தது. 'நம் ஊரின் வீர வரலாறு' என்பது 'பயிர் நன்று' என்கிற மாதிரி வாக்கியம். இயற்கைப் பொருளைப் போல, தானே இருந்தது போல, நிற்கிறது. அதை 'ஆயிற்று' ஆக்க வேண்டும். இன்னார் கேட்டு, இன்ன இயந்திரம் தர, இன்ன விவரம் கொடுக்கப்பட்டு, இன்னது விடப்பட்டு, வரலாறு போல ஆயிற்று.

ஆனால் தொல்காப்பியர் லேசுப்பட்டவரல்ல. அதற்கடுத்த விதியிலேயே, வழக்கில் காரணம் சொல்லாமலும் ஆக்கச்சொல் வருவது உண்டு, அதைத் தள்ள வேண்டியதில்லை என்கிறார். பேச்சில் காரணம் உதிர்ந்துபோகும் என்று அவருக்குத் தெரியும். அந்த உதிர்வில்தான் அதிகாரம் குடியேறுகிறது என்பது நான் சேர்த்துக்கொள்வது. எனவே காரணம் உதிராதபடி சொல்லுக்குள்ளேயே அதைத் தைத்து வைத்துவிட வேண்டும். 'ஆக்கம்' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டால் ஆகாது. இன்றைக்கு அது படைப்பு, முன்னேற்றம், செல்வம் என்று நல்லதையெல்லாம் சுமந்துகொண்டு நிற்கிறது.

கடைசியில் நான் வந்து நின்ற சொல் 'பொறி'. பொறிக்கதை. பொறி என்றால் இயந்திரம். பொறியியல் கல்லூரிகள் புண்ணியத்தில் எல்லாருக்கும் தெரியும். பொறித்தல் என்றால் கல்லில் வெட்டுதல். சோழன் கொடியிலிருந்தது புலிப்பொறி, அதாவது அரசு முத்திரை. கண்ணும் காதும் ஐம்பொறி. அடுப்பிலிருந்து பறப்பதும் பொறி. எலியைப் பிடிப்பதும் பொறி. இயந்திரம், கல்வெட்டு, அரசு முத்திரை, புலன், தீ, கண்ணி எல்லாம் ஒரே சொல்லில் படுத்திருக்கின்றன. இந்தப் பிரதி செய்கிற காரியமும் இதுதானே! இயந்திரத்தில் செய்யப்பட்டு, கல்வெட்டு வேஷம் போட்டு, முத்திரை குத்திக்கொண்டு, புலனை மயக்கிப் பிடித்துக்கொள்கிறது. அதேசமயம் வசையாகவும் இல்லை. எழுதினவன் கூச்சமில்லாமல் அட்டையில் போட்டுக்கொள்ளலாம். 'சரித்திரப் பொறிக்கதை' என்று நீட்டியும் சொல்லலாம். சீவக சிந்தாமணியில் கர்ப்பிணியான விசயை ஏறித் தப்பிப் போகிறாளே, அந்த மயிற்பொறி நினைவுக்கு வந்தாலும் நல்லது. பறக்கும்போது அழகாகத்தான் பறந்தது. இறங்கியது சுடுகாட்டில்.

இவ்வளவு பொருத்தமான சொல் கிடைத்தால் சந்தேகப்படவும் வேண்டும். சிலேடை நம்மவர்களுக்குப் பழைய போதை. சொல் நன்றாக அமைந்துவிட்டால் விஷயம் முடிந்துவிட்டது என்று கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற பழக்கம் நமக்கு உண்டு. எனவே இந்தப் பெயர் என்ன வேலை செய்யும், என்ன செய்யாது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒன்றில் ராஜராஜன் பல கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் இருக்கின்றன. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், 'நக்கன்' என்ற முன்னொட்டோடு அவள் பெயர். ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். எடுத்தபாதம் என்று ஒருத்திக்குப் பெயர். அதைப் படிக்கிறபோது எனக்கு உடம்பு சிலிர்க்கும். இவர்கள் விரும்பி வந்தார்களா, இழுத்து வரப்பட்டார்களா, கோயில் விட்டுக் கோயில் வரும்போது எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்று கல் சொல்லாது. அதே கோயிலின் இன்னொரு கல்வெட்டில், ஊர்களின் நிலத்தைக் கணக்கெடுத்து வரியில் கழிக்க வேண்டியதைக் கழிக்கிறபோது குளம், வாய்க்கால், சுடுகாடு இவற்றின் வரிசையில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. எத்தனை மா, எத்தனை காணி என்று துல்லியமான அளவு உண்டு. ஆட்களின் பெயர் ஒன்றுகூடக் கிடையாது. ஆக ஆவணத்தில் இரண்டு வகை மௌனம் இருக்கிறது. பெயர் இருந்து குரல் இல்லாதது ஒன்று, பெயரே இல்லாமல் பரப்பளவு மட்டும் இருப்பது இன்னொன்று.

இந்த மௌனத்தைப் புனைவு தொடலாமா? தொடத்தான் வேண்டும், இல்லாவிட்டால் கல்வெட்டு சொன்னதே கடைசி வார்த்தை ஆகிவிடும். அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் சைதியா ஹார்ட்மன் அடிமைக் கப்பலில் கொல்லப்பட்ட ஒரு பெண்பிள்ளையைப் பற்றி 2008இல் எழுதியபோது இதே இடத்தில் வந்து நின்றார். நீதிமன்றப் பதிவில் பெயரைத் தவிர எதுவும் மிஞ்சாத பெண்கள். அவர்களுக்காகக் கதை கட்ட ஆசை. கட்டினால் அவர்கள் பட்டதை இனிப்பாக்கிவிடுவோமோ என்ற பயம். அந்த ஆசையையும் பயத்தையும் சேர்த்தே எழுதுகிற முறைக்கு அவர் ஒரு பெயரும் வைத்தார். தமிழில் 'விமர்சனப் புனைவு' என்று சுமாராகச் சொல்லலாம். அதில் முக்கியம், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது என்பதுதான். அவர் நிறுத்தினார். இயந்திரத்துக்கு நிறுத்தத் தெரியாது. இடைவெளி கண்டால் நிரப்பும், நிரப்புவதற்கென்றே செய்யப்பட்டது அது. லூக்காச் சரித்திர நாவலுக்கு அவசியமான காலவழு உண்டு என்று வாதாடியதை அறிந்த நமக்கு மிளகாய் ஒரு பிரச்சனையே அல்ல. அடித்துவிட்டு மிளகு என்று போட்டால் தீர்ந்தது. சிரிப்பில் காலவழு எதுவும் இல்லை. அதைத் திருத்த எந்த அகராதியும் உதவாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதைப் படிக்கும் தோழர்கள் சிலர், ஆதிக்கச் சாதிக்காரன் இயந்திரத்தில் ஒரு தளபதியைச் செய்துகொண்டால் நாமும் நம் பங்குக்கு ஒரு ராஜாவைச் செய்துகொள்ளலாமே என்கிறார்கள். போன மாதம் ஒரு கூட்டத்திலேயே கேட்டேன். புரிந்துகொள்ள முடிகிறது, பெயரற்று இருந்தவர்களுக்குப் பட்டப்பெயர் மேல் ஆசை வருவதில் என்ன குற்றம்? ஆனால் இயந்திரத்திடம் உள்ள ராஜாக்கள் ஒரே அச்சில் வார்த்தவர்கள். நாம் கேட்டாலும் யானை, வெண்கொற்றக்குடை, மலர் தூவும் குடிகள் என்றுதான் வரும். அந்தக் குடிகள் யார் என்று நாளைக்கு இன்னொரு தெருவில் ஓர் ஆத்தா கேட்பாள். நம் பக்கத்திலிருந்து வந்தாலும் அது பொறிக்கதைதான், அப்படியே அட்டையில் போட வேண்டும். கல்வெட்டு தேட, நிகண்டு புரட்ட, ஒரு காலத்து உடையையும் உணவையும் ஒப்புப் பார்க்க இயந்திரத்தைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பிறகு உட்கார்ந்து தாங்களே எழுதுகிறார்கள். அவர்களை நான் இதில் சேர்க்கவில்லை. எருவை யார் வேண்டுமானாலும் கொடுக்கட்டும், களை எடுத்தது யார் என்று தெரிந்தால் போதும்.

தம்பியிடம் இந்தச் சொல்லைக் கொண்டுபோனேன். வருகிற பங்குனிக்கு மலரின் இரண்டாம் பதிப்பு வேலை நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து பணம் வந்திருக்கிறதாம், வண்ணத்தில் 32 பக்கம். பொறிக்கதை என்றதும் "எலிப்பொறி மாதிரி இருக்கேண்ணே" என்று சிரித்தான். அதற்கும்தான் என்றேன். மடைக்கல்லைப் பற்றிய பகுதியில் இயந்திரம் தந்ததை எடுத்துவிட்டு, ஆத்தா சொன்னதை அவள் சொன்ன மாதிரியே, அவள் நிறுத்திய இடத்தில் நிறுத்திப் போடச் சொன்னேன். கமிட்டியில் கேட்க வேண்டும் என்றான். யோசித்துவிட்டு, "தளபதி கதைக்கு வேணா நீங்க சொல்ற பேரப் போடலாம்ணே. ஆனா அட்டையில வேணாம், உள்ள, கடைசிப் பக்கத்துல, சின்ன எழுத்துல போட்டுக்கலாமா?" என்றான்.

'வீர வரலாறு' என்பதை எந்த அளவு எழுத்தில் போடுகிறாயோ அதே அளவில் போடு என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.